சுகர் வந்த பிறகு எடை குறைப்பது: பயம் போன பின்னும் விடாமல் இருக்க

சுகர் இருக்கிறது என்று டாக்டர் சொன்ன வாரத்தில் யாருக்கும் ஊக்கம் தேவைப்படாது. பயமே போதும். டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்போம், இரவுச் சோற்றை ஒதுக்குவோம், விடிந்ததும் நடக்கக் கிளம்புவோம். சிக்கல் அதற்கு அப்புறம்தான். மாத்திரை வேலை செய்யத் தொடங்கும், அடுத்த ரிப்போர்ட்டில் எண் இறங்கும். எண் இறங்கியதும் பயமும் இறங்கிவிடும். எடையோ பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். “அதான் கண்ட்ரோல்ல இருக்கே” என்ற பேச்சோடு வர்க்கி, எங்கள் ஊட்டிப் பக்கத்து மொறுமொறு பிஸ்கட், மறுபடி டப்பாவுக்குள் வந்து சேரும்.

அந்த இடத்தைத் தாண்டுவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நீலகிரி மலையில், கோத்தகிரிப் பக்கம் ஒரு கிராமத்தில், பச்சைத் தேயிலை எடை போடும் கொட்டகையில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்கத் தராசும் நோட்டும்தான். வயது நாற்பத்தெட்டு. சர்க்கரையும் கல்லீரலில் கொழுப்பும் ஒன்றாகவே தெரிய வந்தன. அப்போது எடை 81 கிலோ, ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (ரிப்போர்ட்டில் HbA1c என்று வரும்) 8.2. இப்போது 70-ஐ ஒட்டி நிற்கிறேன். இதற்குச் சில வருடங்கள் ஆயின. டயட் சார்ட் எதுவும் என்னிடம் இல்லை, அதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

பயம் இருக்கும்போதே செய்ய வேண்டியது

பயம் சில மாதங்கள்தான் தாங்கும். அது இருக்கும்போது பட்டினி கிடந்து வீணாக்காதீர்கள். பிற்பாடு மனசு தளர்ந்தாலும் தானாக நடக்கிற மாதிரி சில ஏற்பாடுகளை அப்போதே செய்துவிட வேண்டும்.

முதலில் டாக்டரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். எத்தனை கிலோ குறைந்தால் போதும்? நான் சாப்பிடும் மாத்திரை சர்க்கரையை ரொம்பவும் இறக்கிவிடுமா? என் இதயத்துக்கு மேட்டில் ஏறி நடப்பது சரிப்படுமா? மூன்றாவது கேள்வி சமவெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றாது. நமக்கோ வாசலைத் தாண்டினாலே ஏற்றம்தான். நெஞ்சில் அழுத்தம், வழக்கத்துக்கு மீறிய மூச்சுத் திணறல் எதுவும் இருந்தால் அதைச் சொல்லிப் பரிசோதித்துக்கொண்ட பிறகு நடை தொடங்குங்கள்.

இரண்டாவது கேள்வியும் முக்கியம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை அளவு மீறித் தாழ்வது அபூர்வம். கிளிமிப்ரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு நடந்தால் தாழ்ந்துவிடும். கை நடுங்கும், படபடக்கும், தலை கிறுகிறுக்கும், வியர்க்கும். டிசம்பர்க் குளிரில் காரணமில்லாமல் வியர்த்தால் உடனே உட்கார்ந்து சர்க்கரையோ குளுக்கோஸோ வாயில் போடுங்கள். பர்ஸில் ஒரு சின்னப் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். எடை குறையக் குறைய மாத்திரை அளவையும் மாற்ற வேண்டி வரலாம். அதை டாக்டர்தான் மாற்ற வேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது.

முதல் கேள்விக்கான பதில் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். உயரத்துக்கு ஏற்ற எடை என்று சுவரில் ஒரு அட்டவணை தொங்குமே, அதைப் பார்த்து மனசு விடாதீர்கள். என் உயரத்துக்கு அது காட்டிய எண்ணைப் பார்த்தால் நான் ஸ்கூல் படிக்கும்போது இருந்த எடை. முதல் இலக்கு உங்கள் எடையில் 5 சதவீதம் போதும். 80 கிலோ என்றால் 4 கிலோ. அந்த அளவுக்கே சர்க்கரையும் பிரஷரும் இறங்கத் தொடங்கும். கல்லீரல் கொழுப்பு உள்ளவர்களுக்கு அடுத்த படி 7 முதல் 10 சதவீதம். நர்ஸிங் படிக்கும் என் மகள் சொன்ன கணக்கு ஒன்று எனக்கு நிறையத் தெம்பு கொடுத்தது. பிரிட்டனில் நடந்த டைரெக்ட் என்ற ஆய்வின் முடிவு 2017-இல் வந்தது. சுகர் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களை டாக்டர் கண்காணிப்பில் எடை குறைக்க வைத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், ஏறக்குறைய பாதிப் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை நோய் அளவுக்குக் கீழே நின்றது. 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல். எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று சொல்ல வரவில்லை. எனக்கு ஒரு மாத்திரை குறைந்தது, ஒன்று தொடர்கிறது. ஆனால் சுகர் வந்தால் ஏறுமுகம் மட்டும்தான் என்று ஊரில் பேசுவது உண்மையில்லை என்று தெரிந்ததே பெரிய விஷயம்.

அப்புறம், அடுத்த ரத்தப் பரிசோதனைக்கான தேதியைக் காலண்டரில் இப்போதே குறித்துவிடுங்கள். சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் உயிரோடு இருப்பதால் மூன்று மாதச் சராசரி நாம் வாழ்ந்த விதத்தை அப்படியே காட்டிவிடும். டெஸ்டுக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் ஒழுங்காக இருந்து அதை ஏமாற்ற முடியாது. ஒரு கல்யாணச் சாப்பாடு அதைக் கெடுத்துவிடவும் முடியாது. மாத்திரைச் செலவை நினைத்துத் தள்ளிப்போடுபவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், இலவசமாகவே கிடைக்கும். 2021-இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அப்படி வருகிறவரிடம் பிரஷரும் பார்த்துக்கொள்ளலாம்.

தராசை நம்பும் விதம்

எடை போடுவதே என் பிழைப்பு என்பதால் இதில் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன்.

மழை நாளில் வரும் இலைச் சாக்கை யாராவது அப்படியே எடை போட்டுக் கணக்கில் ஏற்றுவார்களா? சாக்குக்குக் கழிவு, ஈரத்துக்குக் கழிவு. கழித்த பிறகு நிற்பதுதான் இலை. உடம்பும் அப்படித்தான். காலையில் ஒரு எடை, ராத்திரி ஒரு எடை. ஊறுகாயும் அப்பளமும் சாப்பிட்ட மறுநாள் உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும். அது எதுவும் கொழுப்பு கிடையாது.

முதல் வாரத்தில் ‘மளமள’வென்று இறங்குவதும் பெரும்பகுதி தண்ணீர்தான். கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்த சர்க்கரை ஒரு கிராமுக்கு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைக் கூடவே வைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் சேமிப்பு கரைந்து அந்தத் தண்ணீரும் வெளியே போகும். இதைத் தெரிந்துகொள்ளாதவர்கள் முதல் வாரம் துள்ளிக் குதித்து மூன்றாம் வாரம் சோர்ந்து போகிறார்கள். அடுத்த வாரங்களில் அரை கிலோ இறங்கினாலே அது நல்ல இறக்கம்.

ஆகவே வாரம் ஒரு தடவை. ஒரே கிழமை, காலையில் பாத்ரூம் போய் வந்த பிறகு, சாப்பிடும் முன், ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு. மலைக்காரர்களுக்கு இந்த ஸ்வெட்டர் ஒரு பெரிய எதிரி. வருடம் முழுக்கப் போர்த்திக்கொண்டே இருப்பதால் வயிறு போட்டதே நமக்குத் தெரிவதில்லை. மாதம் ஒரு தடவை டெய்லர் டேப்பால் இடுப்புச் சுற்றளவு பாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, வயிற்றை எக்காமல், மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். நம் நாட்டுக்காரர்களுக்குப் பெண்கள் 80 சென்டிமீட்டர், ஆண்கள் 90 என்பது எச்சரிக்கைக் கோடு. எடை அசையாத மாதங்களில்கூட இடுப்பு இறங்குவது உண்டு. எனக்கு அதை முதலில் சொன்னது டேப்கூட இல்லை. ஜாக்கெட் ஹூக்.

டீயும் வர்க்கியும்

இந்த ஊரில் டீயை நிறுத்தச் சொல்பவரை நான் நம்ப மாட்டேன். நிறுத்தவும் வேண்டாம். கணக்கைப் பாருங்கள். குளிருக்கு ஒரு நாளைக்கு ஐந்து டீ குடிக்கிறவர் தம்ளருக்கு இரண்டு ஸ்பூன் போட்டால் பத்து ஸ்பூன், அதாவது 40 முதல் 50 கிராம் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் சுகர் இல்லாதவர்களுக்கே ஒரு நாள் முழுக்கச் சேர்த்து 50 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது, 25-க்குள் என்றால் இன்னும் நல்லது. டீ ஒன்றே அந்தக் கோட்டாவை முடித்துவிடுகிறது.

என் அப்பா அம்மா இலங்கைத் தோட்டத்திலிருந்து, 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கே வந்தவர்கள். எங்கள் வீட்டில் பிளேன் டீதான். உள்ளங்கையில் துளி சர்க்கரையை வைத்துக்கொண்டு ஒரு நக்கு, ஒரு மடக்கு. சர்க்கரையை ஒரேயடியாக விட முடியாதவர்களுக்கு இது நல்ல வழி. தம்ளருக்குள் போட்டால் இரண்டு ஸ்பூன் தேவைப்படுகிற நாக்குக்குக் கையில் வைத்தால் அரை ஸ்பூனே இனிக்கும். கொஞ்ச நாளில் அதுவும் வேண்டாமல் போகும். இன்னொன்று, டஸ்ட் டீயைப் பாலும் சர்க்கரையும் இல்லாமல் குடிக்க முடியாது. ஜனவரிப் பனிக்காலத்தில் பறித்த நல்ல இலைத் தேயிலை கால் கிலோ வாங்கி வையுங்கள். அதற்குச் சர்க்கரை போட உங்களுக்கே மனசு வராது. டீக்கடையில் ஒரு தடவை தெளிவாகச் சொல்லி வைத்தால் போதும். எங்கள் கடைக்காரத் தம்பி இப்போது நான் வாய் திறக்கும் முன்பே “அக்காவுக்கு சர்க்கரை இல்லாம” என்று உள்ளே குரல் கொடுத்துவிடுகிறார்.

ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கும் பெருமைதான். ஆனாலும் அது மைதா, சர்க்கரை, கொழுப்பு. நான் விட்டுவிடவில்லை. வீட்டில் பாக்கெட் வைப்பதை மட்டும் நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை பேக்கரிக்கு நடந்து போய், அங்கேயே நின்று இரண்டு தின்றுவிட்டு வருவேன். வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கு வேண்டுமே என்று வாங்கி வைப்பவர்களே, அந்த விருந்தாளி யார் என்று உங்களுக்கே தெரியும்.

சாப்பாட்டில் தட்டின் பாதியைக் காய்க்குக் கொடுங்கள். கோஸ், பீன்ஸ், நூல்கோல், முள்ளங்கி, மேரக்காய் (சௌசௌ) எல்லாம் நம் வாசலில் விளைகிறது. இதில் நமக்கு யாரும் போட்டி கிடையாது. உருளைக்கிழங்கு மட்டும் காய்க் கணக்கில் வராது, அது சோற்றோடு சேர்ந்தது. கால் தட்டு சோறு அல்லது களி, மீதிக் கால் தட்டு அவரை, மொச்சை, பருப்பு, முட்டை, மீன். இந்த மலையின் படுகர் சமூகத்து வீடுகளில் களிக்கு அவரைக் குழம்பு ஊற்றுவது அருமையான சேர்க்கை. ராகி என்றால் சுகர் ஏறாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஏறும். கூழாகக் குடித்தால் இன்னும் வேகமாக ஏறும். உருண்டையின் அளவைத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமையல் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எனக்கென்று தனியாகச் சமைத்த வரைக்கும் மாமியார், “ஏம்மா, நோயாளி மாதிரி இதென்ன சாப்பாடு” என்று தினமும் கேட்டார். பொரியலை எல்லோருக்கும் இரண்டு மடங்கு செய்யத் தொடங்கியதும் கேள்வி நின்றுவிட்டது. இப்போது அவர் கூடுதலாகக் கேட்டு வாங்குகிறார்.

கரடி வரும் ஊரில் நடை

அதிகாலை ஐந்து மணிக்கு நடங்கள் என்று எழுதுகிறவர்கள் நம் ஊரைப் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் தேயிலைக்குள் கரடியோ காட்டெருமையோ நிற்கும். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு கிளம்புங்கள், இருட்டும் முன் வீடு திரும்புங்கள், தனியாகப் போகாதீர்கள். இந்தக் கடைசிக் கட்டாயம்தான் எனக்கு வரமாக அமைந்தது. பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் நின்று “அக்கா, கிளம்பலாமா?” என்று கூப்பிடும்போது எனக்கு ஆசை இருக்கிறதா இல்லையா என்பதற்கு மதிப்பே இல்லை. அவளைத் தனியாக அனுப்ப முடியாது, அவ்வளவுதான். ஊக்கம் தேடி அலைவதைவிட, உங்களை நம்பி ஒருவர் காத்திருக்கும்படி செய்துகொள்வது சுலபம்.

வாரத்துக்கு 150 நிமிடம் என்பது பொதுவான அளவு. மேட்டில் ஏறும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். காலையில் முடியாதவர்கள் சாப்பிட்டதும் பதினைந்து நிமிடம் நடங்கள். சாப்பாட்டுக்குப் பிந்தின சர்க்கரையை அது நன்றாகவே இறக்கும். முழங்கால் வலிப்பவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கஷ்டம். மேட்டை நடந்து ஏறிவிட்டு, திரும்பும்போது மினி பஸ்ஸில் வந்தாலும் தப்பில்லை.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, மறுபடியும் அக்டோபர், நவம்பர். மழை மாதங்களில்தான் பலரின் நடை நிற்கிறது, நின்றால் திரும்பத் தொடங்குவதில்லை. அதனால் மழைக்கென்று ஒரு திட்டம் முன்பே வேண்டும். நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது பத்து தடவை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்து தடவை, இரண்டு கையிலும் தண்ணீர்க் குடத்தோடு கூடத்தில் நடப்பது. மூன்று சுற்று போதும். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது, அதைக் காப்பாற்ற இந்த வேலைதான் உதவும். ஆகவே வெயில் நாளிலும் வாரம் இரண்டு தடவை செய்யலாம்.

கொழுந்து பறிப்பவர்கள், “நாள் முழுக்கக் காட்டில் நிக்கிறேன், எனக்கெதுக்கு நடை?” என்று கேட்பார்கள். நியாயம்தான். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான், சாயங்காலம் பாதத்தைப் பாருங்கள். சுகர் நாளடைவில் பாதத்தின் உணர்ச்சியைக் குறைத்துவிடும். கம்பூட்ஸுக்குள் தேய்ந்த புண் வலிக்காமலே பெரிதாகிவிடும்.

“என்ன இப்படி இளைச்சுட்டே?”

எடை குறைப்பதில் பசியைவிடப் பெரிய தடை இந்தக் கேள்விதான். நம் ஊரில் சதை போட்டால் சௌக்கியம், இளைத்தால் வியாதி. கல்யாண வீட்டில் ஒரு பெரியம்மா கன்னத்தைப் பிடித்து, “சுகர் உன்னைத் தின்னுடுச்சேடி” என்று கண்கலங்கினார். அன்றைக்கு மூன்றாவது ஆள் அவர். கஷ்டப்பட்டு 6 கிலோ குறைத்திருக்கும்போது இப்படிக் கேட்டால் யாருக்கும் மனசு விட்டுப்போகும். நாலு பேர் சொன்னதும் சாப்பிட்டுப் பழைய எடைக்கே போனவர்களை எனக்குத் தெரியும்.

பதிலை முன்பே தயார் செய்து வையுங்கள். “டாக்டர் இளைக்கச் சொன்னார் பெரியம்மா, இப்பத்தான் பாதி வந்திருக்கேன்.” சிரித்துக்கொண்டே சொன்னால் பேச்சு அதோடு முடியும். விளக்கம் சொல்லத் தொடங்கினால் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். கொழுப்பைக் கரைக்கும் பவுடர், வெந்நீரில் கலக்கும் சூரணம். என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத எதையும் வாங்காதீர்கள்.

ஆனால் அந்தப் பெரியம்மாவின் பயத்தில் ஒரு உண்மை இருக்கிறது. எந்த முயற்சியும் செய்யாமல் இளைத்து, தாகம் அதிகமாகி, ராத்திரியில் அடிக்கடி சிறுநீர் போனால் சர்க்கரை கைமீறி நிற்கிறது என்று அர்த்தம். அதைச் சந்தோஷமாக எடுத்துக்கொள்ளாமல் உடனே ரத்தம் பாருங்கள்.

விருந்துக்குப் போகாமல் இருக்க வேண்டியதில்லை. ஹெத்தையம்மன் பண்டிகை, மாரியம்மன் திருவிழா, தீபாவளி எல்லாம் இருக்கத்தான் செய்யும். சாப்பிட்ட பிறகு அடுத்த வேளையிலேயே பழைய வழிக்கு வந்துவிடுங்கள். ‘திங்கட்கிழமையிலிருந்து’ என்று தள்ளினால் அது எந்தத் திங்கள் என்று கடவுளுக்கே தெரியாது.

எடை நகராத மாதங்கள்

ஆறு மாதம் போல ஆனதும் பெரும்பாலானவர்களுக்கு எடை நின்றுவிடும். எடை குறைந்த உடம்புக்கு முன்பைவிடக் குறைவான சாப்பாடே போதும், அதே சமயம் பசி முன்பைவிட அதிகமாகும். இழந்ததைத் திரும்பப் பிடிக்க உடம்பு பார்க்கும் வேலை அது. உங்கள் மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இங்கே சாப்பாட்டை இன்னும் பாதியாக வெட்டினால் சீக்கிரமே மொத்தமும் கைவிட்டுப் போகும்.

நான் செய்தது, தராசிலிருந்து கண்ணை எடுத்து நோட்டின் மற்றப் பக்கங்களைப் பார்த்தது. மூன்று மாதச் சராசரி, ரத்தத்தில் உள்ள கொழுப்பான டிரைகிளிசரைடு, கல்லீரலுக்கான எஸ்ஜிபிடி, பிரஷர், இடுப்புச் சுற்றளவு. எடை அசையாமல் நின்ற காலத்தில் இவற்றில் ஏதாவது ஒன்று நல்ல திசையில் போய்க்கொண்டே இருந்தது. ரிப்போர்ட்டில் வராதவற்றையும் எழுதி வைத்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து மேட்டுத் தெருவுக்கு நிற்காமல் ஏற முடிகிறது, குறட்டை குறைந்துவிட்டதாக வீட்டுக்காரர் சொல்கிறார். டாக்டரைக் கேட்டு ஒரே ஒரு மாற்றம் செய்தேன், இரவுச் சாப்பாட்டை ஏழரைக்கு முன்னால் முடிப்பது. ராத்திரி டி.வி. முன்னால் கொறிப்பது அதிலேயே அடிபட்டுப் போனது.

சிலருக்கு இந்தக் கட்டத்தில் எதிலும் பிடிப்பில்லாமல் போகும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் இல்லாமல், எதிலும் ஆசையும் இல்லாமல் இருந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். சுகரோடு மனச்சோர்வும் சேர்ந்து வருவது சகஜம், அதற்கும் வைத்தியம் இருக்கிறது.

இலக்கு எடை வந்த பிறகும் வாரத் தராசை நிறுத்தக் கூடாது. இனி இறக்க வேண்டியதில்லை, காவல்தான். ஈரக் கழிவுக்கு இடம் விட்டு எனக்கு நான் வைத்திருக்கும் கோடு, இலக்கு எடைக்கு மேலே 2 கிலோ. தொடர்ந்து மூன்று வாரம் அந்தக் கோட்டுக்கு மேலே நின்றால் ஞாயிறு வர்க்கி ரத்து, இரவு எட்டுக்கு மேல் அடுப்படிக்குப் பூட்டு. கோட்டுக்குக் கீழே வந்ததும் வர்க்கி திரும்ப வரும். மூன்று மாதச் சராசரியோடு, வருடம் ஒரு தடவை கண்ணின் விழித்திரை, சிறுநீரில் புரதம், பாதம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். விழித்திரைப் பரிசோதனைக்குச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், மலைப்பாதையில் நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பாமல் கூட ஒருவரை அழைத்துப் போங்கள்.